காய்வதற்கும் கூலி வேண்டும்

சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்து அடுக்கக நீச்சல் குளம் ஒன்றில் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது உள்ளே இறங்கி நின்று பார்த்தால், அது ஏன் கசிந்தது என்பது சுவரிலேயே தெரிகிறது. பெயின்ட் கொப்புளித்து உரிந்த இடங்களில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மயிரிழை போல விரிசல் ஓடுகிறது. பைப் நுழையும் துளையைச் சுற்றி ஈரம் வளையமாகத் தங்கியிருக்கிறது. அனுபவமுள்ள பெயின்டருக்கு இதைப் படிக்க அதிக நேரம் ஆவதில்லை: போன முறை வந்தவர்கள் ஈரம் காயுமுன் பெயின்ட் ஏற்றிவிட்டார்கள். மட்டமான பொருள் என்று கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. ஆனால் நல்ல எபாக்சி பெயின்ட்டும் ஈரச் சுவரில் நிற்காது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் விட வேண்டிய நாட்கள் ஏன் விடப்படவில்லை என்று விசாரித்துக்கொண்டே போனால், பேச்சு கூலி கணக்கிடும் முறையில் வந்து நிற்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் குளங்கள் கசிந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் கருத்து.

வேலையின் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். தண்ணீரைத் தாங்க வேண்டியது கான்கிரீட். தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் கேட்கிறது. வைப்ரேட்டர் சரியாக ஓடாமல் ஜல்லிக்கு நடுவே பொந்து விழுந்திருந்தால், அங்கே துளையிட்டுச் சிமென்ட் பாலை அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். விரிசலை வெட்டி அகலப்படுத்தி அடைக்க வேண்டும். மூலைகளைச் செங்குத்தாக விடாமல் கலவையால் வளைவு கட்ட வேண்டும். பூச்சுப் படலம் முதலில் கிழிவது செங்குத்து மூலையில்தான். பிறகு பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கை, ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. அதன்பின் பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் குளத்தை நிரப்பிச் சோதிக்க வேண்டும். ஐ.எஸ். 3370 சொல்லும் சோதனையில், கான்கிரீட் தண்ணீரைக் குடித்துக்கொள்ள ஏழு நாள், மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க இன்னும் ஏழு நாள். திறந்த குளத்தில் வெயிலும் தண்ணீரைக் குடிக்கும் என்பதால், ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் குளத்துப் படியில் வைத்து, வாளியில் இறங்கியதைக் குளத்தில் இறங்கியதோடு ஒப்பிடுவார்கள். குளத்தில் கூடுதலாக இறங்கியது கசிவு. அது முடிந்து தண்ணீரை இறைத்துவிட்டுக் காய விட வேண்டும். புதிய சிமென்ட் பூச்சானால் 28 நாள் ஆகும்வரை எபாக்சி பக்கம் போகக் கூடாது. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உள்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை. வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகும் ஏழு நாள் தண்ணீர் விடக் கூடாது.

இந்த நாட்களைக் கூட்டினால், கை வேலை நடக்கும் நாட்களைவிடக் கை சும்மா இருக்கும் நாட்களே அதிகம். சதுர அடிக் கணக்கில் அந்த நாட்களுக்குக் காசு கிடையாது. கான்ட்ராக்டருக்கு அது நஷ்டம். நாள் கூலிக்கு வரும் ஒடிசா, பீகார்த் தொழிலாளிக்கோ அன்றைய சாப்பாடு. அவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவது வேறு ஆட்கள், முன்னால் என்ன பூசப்பட்டது என்று தெரியாதவர்கள். பழைய குளோரினேட்டட் ரப்பர் பெயின்ட்டின் மேல் எபாக்சி அடிக்கப்பட்டு மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வருவது இப்படித்தான் நேர்கிறது. இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சீக்கிரம் காயும் பொருள் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, ஆனால் அது மேலே பூசியதைத்தான் சீக்கிரம் காய வைக்கும், அடியிலுள்ள கான்கிரீட்டின் ஈரத்தை அல்ல. டைல்ஸ் ஒட்டினால் தீராதா என்றால், டைல்ஸின் இணைப்புகளும் தண்ணீரை விடும். அதற்கு அடியிலும் இதே நீர்க்காப்பு வேண்டும். இன்னொரு வாதத்துக்கு எடை அதிகம்: காய்வதற்கு ஏற்ற மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் பிள்ளைகள் நீந்தும் மாதங்கள், அப்போது எப்படி மூடுவது? மழைக்காலத்துக்கு வேலையைத் தள்ளலாம் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள் தீர்மானிப்பது இதனால்தான். கோவிலம்பாக்கத்தில் அது ஆபத்து. கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகிற தாழ்நிலம் இது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறும். ஒரு மீட்டர் நீர், சதுர மீட்டருக்கு ஒரு டன் விசையோடு குளத்தின் அடியை மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு அரை டன்தான். நவம்பரில் குளத்தைக் காலி செய்தால் தரை வெடிக்கலாம், குளமே மேலெழும்பலாம். பிப்ரவரியில் தொடங்கி ஒரு கோடையின் பாதியை விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் லாரியை நம்பி வாழும் ஊரில் நீச்சல் குளத்துக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். கோவிலம்பாக்கத்துக் கிணறுகளிலிருந்து லாரிகள் நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றிப் போனதை ஊரார் எதிர்த்ததும், 2019 வறட்சியும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் கசிவின் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் குளத்தில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் கசிந்தால் 500 லிட்டர். வருடத்துக்கு 12,000 லிட்டர் லாரி பதினைந்து. மேலும், குளத்தில் வேலை செய்யும் இதே ஆட்கள்தான், இதே சதுர அடி ரேட்டில், வீடுகளின் சம்புக்கும் பூச்சு பூசுகிறார்கள். சம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே போவது மட்டுமில்லை. மழை நாளில் பக்கத்து செப்டிக் டேங்கின் கழிவும் உள்ளே வரும். சம்புக்குள் வேலை செய்பவரின் நிலையும் மோசம். பெயின்ட்டின் கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். இரண்டடி மூடித் திறப்பு வழியாக இறங்கியவர் மயங்கினால் தூக்குவது கடினம். காற்றடிக்கும் புளோயரும் மேலே காவலுக்கு ஓர் ஆளும் வேண்டும். சதுர அடி ரேட்டில் இவற்றுக்கும் இடமில்லை.

ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாம், அது சங்கச் செயலாளர் கையிலேயே இருக்கிறது. விரிசல் அடைத்ததற்கு ஒரு தொகை, பதினாலு நாள் சோதனையில் தேறியதற்கு ஒரு தொகை, பெயின்ட்டுக்குக் கடைசியில் ஒரு தொகை. நடுவில் காயும் நாட்களுக்கு, அதே ஆட்கள் திரும்பி வருவதற்காக, பாதிக் கூலி. புளோயர் வாடகை ஒப்பந்தத்தில் தனி இனமாக இருக்க வேண்டும். என்ன பொருள், எந்தத் தேதியில் பூசப்பட்டது என்று பம்ப் அறைச் சுவரில் எழுதி வைக்கவும் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடம் கழித்துச் சுரண்ட வருபவர்களுக்கு அது தேவைப்படும்.