பொட்டலத்தின் மேல் ஒரு வாக்குறுதி

கடைத்தட்டில் இருக்கும் பொட்டலங்கள் இப்போதெல்லாம் நிறைய வாக்குக் கொடுக்கின்றன. ‘ஆர்கானிக்’ என்பது மண்ணைப் பற்றிய வாக்கு: ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் போடாமல் விளைந்தது என்கிறது. நம் நாட்டில் கடைக்கு வரும் உணவுப்பொருள் அந்தப் பெயரைத் தாங்க, என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ்.-இந்தியா என்ற அரசு முறைகளில் ஒன்றில் சான்று பெற்றிருக்க வேண்டும். ‘குரூயல்டி ஃப்ரீ’ என்பது விலங்குகளை வைத்துச் சோதிக்கவில்லை என்ற வாக்கு. ‘நேச்சுரல்’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் எந்தச் சான்றும் இருப்பதில்லை. ‘ஃபேர் டிரேட்’ ஒன்றுதான் உழைத்தவர் கைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதைத் தன் முதல் கேள்வியாக வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார்? அதைத்தான் தேடத் தொடங்கினேன்.

நீலமும் பச்சையும் கலந்த இன்றைய ஃபேர்டிரேட் முத்திரை 2002-இல் வந்தது. அதற்கு முந்தைய தடம் நெதர்லாந்துக்குப் போகிறது. 1988 நவம்பர் 15 அன்று ‘மாக்ஸ் ஹாவலார்’ என்ற முத்திரையுடன் காபி அங்கே விற்பனைக்கு வந்தது. முதல் பொட்டலத்தை இளவரசர் கிளாஸ் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்தக் காபி விளைந்த இடம் மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்து மலைகள். அங்கே பழங்குடி விவசாயிகள் தங்கள் காபியை இடைத்தரகர்களிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துவந்தார்கள். அந்தத் தரகர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கொயோட்டே’. ஓநாய் இனத்து விலங்கு அது.

1980-களின் தொடக்கத்தில் அவர்கள் ‘யுசிரி’ என்ற கூட்டுறவு அமைப்பாகத் திரண்டார்கள். கூடவே இருந்தவர் ஃபிரான்ஸ் வான்டர் ஹாஃப் என்ற டச்சுப் பாதிரியார். சிலியில் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் மெக்சிகோவுக்கு வந்தவர். ‘சொலிடாரிடாட்’ என்ற டச்சு அமைப்பின் நிக்கோ ரோசனோடு அவர் சேர்ந்து உருவாக்கியதே அந்த முத்திரை. விவசாயிகளுக்கு வேண்டியிருந்தது நன்கொடை அல்ல, விளைச்சலுக்கு உரிய விலை. தனிக் கடைகளில் இரக்கத்தால் வாங்குவோரை நம்பியிராமல், எல்லோரும் வாங்கும் கடைக்கே தங்கள் காபி போக வேண்டும் என்பதற்காகத்தான் முத்திரை தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே, 1989-இல், உலகக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீட்டு முறை குலைந்து விலை சரிந்தது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாது என்று முத்திரை உறுதியளித்த அடிப்படை விலை எத்தனை பெரிய பாதுகாப்பு என்று அப்போது புரிந்தது.

முத்திரையின் பெயர் என்னை இன்னும் பின்னுக்கு இழுத்தது. ‘மாக்ஸ் ஹாவலார்’ 1860-இல் வெளிவந்த டச்சு நாவல். ஜாவாவில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் டாவ்ஸ் டெக்கர், முல்டாடுலி என்ற புனைபெயரில் எழுதியது. காலனி அரசு ஜாவா விவசாயிகளைக் காபி முதலிய ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்கக் கட்டாயப்படுத்திய கொடுமையை நெதர்லாந்தின் வீடுகளுக்குள் கொண்டுவந்த நூல் அது.

அதற்கும் முன்னால் இங்கிலாந்து இருக்கிறது. அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவை 1791-இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதன்பின் மக்கள், அடிமை உழைப்பில் விளைந்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்க மறுத்தார்கள். மூன்று லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்புப் போராளி தாமஸ் கிளார்க்சன் கணித்தார். பிறகு ‘கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல’ என்று எழுதிய கிண்ணங்கள் தேநீர் மேசைகளுக்கு வந்தன. நீலக் கண்ணாடியில் பொன்னெழுத்துப் பொறித்த ஒன்று இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருளின் பிறப்பை நற்சான்றாகச் சொல்லும் மிகப் பழைய வாசகங்களில் ஒன்று அது.

கிழக்கிந்தியா என்றது நம் நாட்டைத்தான். அதே காலத்தில் தமிழ்ப் பகுதிகளில் நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாட்களும் கைமாறியதைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களே பேசுகின்றன. 1833-இன் அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கியே நிறைவேறியது. இந்தியாவுக்கான சட்டம் வர 1843 ஆயிற்று. கிண்ணம் வாங்கியவர்களின் மனசாட்சி உண்மையானது. அவர்கள் மறுப்பு அடிமை முறையை எதிர்த்த போராட்டத்துக்கு வலு சேர்த்ததும் உண்மை. ஆனால் அந்த வாசகத்தை எழுதும்போது இங்கே வயலில் நின்றவரை யாரும் கேட்கவில்லை.

கிண்ணத்துக்கும் ஒஹாகாவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கிண்ணத்தில் வாங்குபவர் தாமே சான்று எழுதிக்கொண்டார். ஒஹாகாவில் விளைவித்தவர் தன் விலையைத் தானே கேட்டார். இன்று ஃபேர்டிரேட் பொதுப்பேரவையில் பாதி வாக்கு விவசாயிகள், தொழிலாளர்களின் அமைப்புகளிடம் இருக்கிறது. கழுவிப் பதப்படுத்திய அராபிகா காபிக்கு, 2023 ஆகஸ்டில், ஒரு பவுண்டுக்குக் குறைந்தபட்சம் 1.80 டாலர் என்ற விலை நடைமுறைக்கு வந்தது. அதன்மேல் 20 சென்ட் கூட்டுறவுக்கு. அதைப் பள்ளிக்கா, கிணற்றுக்கா, உலர்களத்துக்கா என்று உறுப்பினர்களே முடிவு செய்கிறார்கள். இதனால் வறுமை முற்றும் தீர்ந்துவிடாது. அறுவடைக்கு வரும் தினக்கூலியின் நிலை இன்னும் அழுத்திக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆகவே, எந்த முத்திரையைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள். இது எந்தக் கேள்விக்குப் பதில்? சரிபார்த்தது யார்? விதி எழுதும் மேசையில் உழைத்தவருக்கு இடம் உண்டா? மூன்றாவதற்கு ‘உண்டு’ என்று பதில் வரும் பொருளுக்குச் சில ரூபாய் கூடக் கொடுப்பதை நான் தர்மம் என்று நினைக்கவில்லை. அது நாம் வெகுகாலமாகக் கொடுக்காமல் விட்ட விலை.