சூடு இருக்கட்டும், காற்றுப் போகட்டும்

ஒன்ராறியோவில் அண்மையில் கட்டப்பட்ட வீடொன்றுக்கு விருந்துக்குப் போனால், சாப்பாடு முடிந்தபின் பேஸ்மென்றுக்கு ஒருதரம் இறங்கிப் பார்ப்பது என் வழக்கம். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில், மேலே உள்ள மரத்தில் நாடா கட்டித் தொங்கவிட்ட தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து நான்கு தடித்த குழாய்கள் நான்கு பக்கம் போகும். பல வீடுகளில் அதன் வயர் சுவரிலிருந்து பிடுங்கியபடி கிடக்கும். ஏன் என்று கேட்டால், "அது வெளிக்குளிரை உள்ளுக்கு இழுக்குது, கரண்ட் காசும் கூடுது. அதாலை நிப்பாட்டிப் போட்டம்" என்பார்கள். யன்னல்களைத் தொட்டுப் பார்த்தால் அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

அந்தப் பெட்டி வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி. எல்லோரும் சொல்வது எச்ஆர்வி என்றுதான். வெப்பத்தோடு ஈரத்தில் ஒரு பங்கையும் மீட்டுத் தருகிற அதன் உறவுக்காரன் ஈஆர்வி. 2017 தொடக்கத்திலிருந்து ஒன்ராறியோவின் கட்டட விதிகள் புதிய வீடுகளுக்கு இரண்டில் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வீட்டு விலையோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய நல்ல காற்றை நம்மில் பலர் நிறுத்தி வைத்துவிட்டு வாழ்கிறோம் என்பது எனக்குப் பெரிய மனக்குறை. பழைய வீடொன்றில் சுவரைத் துளைத்து அதைப் பூட்டி, பல குளிர்காலங்களை அதனோடு கழித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நவம்பரில் மூடிய யன்னலைப் பலர் ஏப்ரலில்தான் திறக்கிறோம். அந்த மாதங்கள் முழுவதும் ஒரு குடும்பம் தான் வெளிவிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கிறது. வெளிக்காற்றில் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ அது நூற்றுக்கு நான்கு பங்கு. மியூனிக் நகரில் மக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவர் 1858 இலேயே இதை அளந்து, பத்து இலட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினால் அறைக்காற்று கெட்டுவிட்டதென்று கொள்ளலாம் என்று எழுதினார். கதவை இறுக்கி மூடிய சிறிய அறையில் இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் அந்த எல்லை விடியுமுன்னரே எங்கோ பின்னால் போயிருக்கும். காலையில் தலை பாரமாக இருக்கிறதென்று சொல்கிறவர்கள் படுக்கையையும் தலையணையையும் மாற்றிப் பார்க்கிறார்கள். காற்றை யாரும் நினைப்பதில்லை.

அடுத்தது ஈரம். மூச்சு, வியர்வை, குளியல், சமையல் என்று நான்கு பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்குப் பத்து லீற்றர் அளவு தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள் விடுகிறது. எங்கள் வீடுகளில் அது இன்னும் கூடத்தான் இருக்கும். புட்டும் இடியப்பமும் ஆவியில் அவிகின்றன, சோறு கொதிக்கிறது, சனிக்கிழமை மீன்குழம்பு நாள். உடுப்பைக் கொடியில் உள்ளுக்கே காயப் போடுகிறோம். 21 பாகை சூடுள்ள அறையில் ஈரப்பதன் 50 வீதம் இருந்தால், 10 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியத் தொடங்கும். வெளியே கடுங்குளிர் அடிக்கையில் யன்னல் கண்ணாடியின் ஓரம் அதற்கும் கீழே போய்விடும். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்பக்கமும் அப்படித்தான். காற்று ஓடாத அந்த மூலையில் முதலில் மண்வாசம் வரும், பிறகு சுவரில் கரும்புள்ளிகள் தெரியும். பூஞ்சணத்தைப் பிளீச் போட்டுத் துடைக்கலாம். ஈரம் போகாதவரை அது திரும்ப வரும்.

பழைய காலத்து வீடுகளுக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இருக்கவில்லை. யன்னல் சட்டத்திலும் கதவடியிலும் சுவர் இணைப்புகளிலும் எத்தனையோ இடுக்குகள் இருந்தன. சூடும் போயிற்று, ஈரமும் போயிற்று. 1973 இல் எண்ணெய் விலை ஏறியபின் அந்த இடுக்குகளை அடைக்கும் வேலை தொடங்கியது. சஸ்காச்சுவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் 1977 இல் எழுந்த ஒரு வீடு அதன் எல்லையையே தொட்டது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஓர், சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொபேர்ட் பெசன்ற் முதலானோர் சேர்ந்து உருவாக்கிய சஸ்காச்சுவான் கொன்சர்வேஷன் ஹவுஸ் அது. சுவர் ஏறத்தாழ ஓரடித் தடிப்பு. காற்றுப் புக இடமில்லாத அளவுக்கு இறுக்கம். வழக்கமான ஃபேர்னஸ் கிடையாது. குளிர்காலம் −30 பாகைக்குக் கீழே போகிற ஊரில் இதைச் செய்தார்கள்.

அவ்வளவு இறுக்கமான வீட்டில் மனிதர் எப்படி மூச்சுவிடுவது என்ற கேள்வி உடனே வந்தது. பல்கலைக்கழகக் குழு அதற்குச் செய்த கருவி எளிமையானது. மெல்லிய பிளாஸ்ரிக் தாள்களை இடைவெளி விட்டு அடுக்கி, ஓர் இடைவெளியில் வெளியேறும் பழங்காற்றையும் அடுத்ததில் உள்ளே வரும் குளிர்காற்றையும் ஓடவிட்டார்கள். இரண்டும் கலப்பதில்லை. தாளின் ஊடாக வெப்பம் மட்டும் கைமாறும். சூடான காற்றை வெளியே விட்டால் சூடும் போய்த்தான் ஆகும் என்று அடுப்பு மூட்டத் தொடங்கிய காலத்திலிருந்து மனிதன் நம்பியதை அந்த அடுக்கு மாற்றிவிட்டது. காற்றுப் போகும், சூடு நிற்கும். அங்கே கற்ற பாடம் 1982 இல் கனடாவின் ஆர்-2000 என்ற சக்திச் சிக்கன வீட்டுத் திட்டமாயிற்று. 1991 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மிகக் குறைந்த சக்தியில் சூடு காக்கும் முதலாவது பாசிவ் ஹவுஸில் குடியேறியவர்களின் கூரைக்குக் கீழும் இதே எண்ணம்தான் வேலை செய்தது.

கணக்கைப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். மூன்று படுக்கையறை உள்ள வீட்டுக்குக் காற்றோட்டம் நொடிக்கு 30 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 பாகை, வெளியே −20 பாகை என்றால், அவ்வளவு குளிர்காற்றைச் சூடாக்க ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாற்று சக்தி இடைவிடாமல் தேவை. வெளியேறும் வெப்பத்தில் முக்கால்வாசியை மீட்கும் கருவி அதே காற்றை 10 பாகை வரை சூடாக்கி உள்ளே தந்துவிடும். ஒரு கிலோவாற்றுக்கு மேல் மிச்சம். அதன் இரண்டு விசிறிகளும் இழுக்கும் மின்சாரம் அதில் ஒரு சிறு பங்குதான். "குளிரை இழுக்குது" என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த 10 பாகையைத்தான் சொல்வேன். யன்னலைச் சற்றே திறந்தால் வருவது −20.

ஸ்காபரோவில் எங்கள் வீடு பழைய ஒருமாடி வீடு. யன்னல்களை மாற்றி, கூரையடிக்குப் பஞ்சு போட்டு, இடுக்குகளை அடைத்தபின் வீடு நன்றாகச் சூடு பிடித்தது. அம்மாவின் அறைச் சுவரில் ஈரமும் பிடித்தது. அவருக்கு ஏற்கெனவே இழுப்பு. எச்ஆர்வி போடுவதென்று தீர்மானித்தோம்.

பூட்ட வந்த தமிழ்ப் பெடியன் கருவியைப் பற்றி எதுவும் சொல்லாமல் முதலில் எங்களைப் பற்றிக் கேட்டான். "வீட்டிலை எத்தினை பேர் அண்ணை? சமையல் ஒவ்வொரு நாளுமோ? உடுப்பு உள்ளுக்கே காயப் போடுறனீங்களோ?" எல்லாவற்றுக்கும் பதில் கேட்டபின், "அப்ப உங்களுக்கு எச்ஆர்விதான் சரி" என்றான். ஆட்கள் குறைந்து, குளிர்காலத்தில் உதடும் தோலும் வெடிக்கிற அளவுக்குக் காய்ந்த வீட்டுக்கு ஈரத்தைத் திருப்பித் தருகிற ஈஆர்வி நல்லது. கோடையில் வெளியிலிருந்து வரும் புழுக்கத்தில் ஒரு பங்கையும் அது தடுக்கும். குளிர்காலத்தில் யன்னல் அழுகிற வீட்டில் ஈரம் வெளியேற வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விலை மட்டும் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்று இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சுவரில் இரண்டு துளைகள். ஒன்று புதுக்காற்று வர, மற்றது பழங்காற்றுப் போக. இரண்டுக்கும் ஆறடி இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். புதுக்காற்று வரும் வெளிவாசல் நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருக்க வேண்டும், பனி மூடக்கூடாது. கார் நிற்கும் இடமும், உடுப்பு உலர்த்தும் மெஷினின் புகைவாயும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வெளியோடு தொடர்புள்ள இரண்டு குழாய்களுக்கும் பஞ்சுறை போட்டு, உறையின் இரண்டு முனைகளையும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டினான். அந்த முனை திறந்திருந்தால் வீட்டு ஈரம் உள்ளே போய்ப் பஞ்சு ஊறிச் சொட்டும் என்றான். குளியலறையிலிருந்தும் குசினியிலிருந்தும் பழங்காற்றை எடுக்கக் குழாய் போயிற்று. குசினி வாயை அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தான். எண்ணெய்ப்புகை வெப்பமாற்றிக்குள் போகக்கூடாது, அதற்கு அடுப்புக்கு மேல் தனி விசிறி இருக்கிறது. புதுக்காற்று ஃபேர்னஸின் திரும்புகுழாயில் சேர்ந்து எல்லா அறைகளுக்கும் போகும். பெட்டிக்குள் படியும் தண்ணீர் வழியச் சிறு குழாயை வளைத்துப் பூட்டி, அந்த வளைவில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினான். சாக்கடைக் காற்று மேலே வராமல் அந்தத் தண்ணீர் மறிக்கும்.

எனக்கு மறக்க முடியாதது கடைசி வேலை. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமனாக வேண்டும். வெளியே போவது கூடினால் வீடு எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். தண்ணீர் சூடாக்கும் காஸ் அடுப்பின் புகையைப் புகைபோக்கியிலிருந்து கீழே இழுக்கலாம். நிலத்திலிருந்து ரேடன் என்ற கெடுதியான வாயுவையும் இழுக்கலாம். உள்ளே வருவது கூடினால் ஈரக்காற்று சுவருக்குள்ளும் கூரையடிக்கும் தள்ளப்பட்டு அங்கே உறையும். இரண்டு குழாய்களிலும் மெல்லிய ரப்பர் குழாய்களைச் செருகி, கையிலிருந்த மானியைப் பார்த்துப் பார்த்து உள்மூடியைத் திருகினான். ஓர் எண் ஏற மற்றது இறங்கும். நெருங்கி வந்ததும் திருகாணியை இறுக்கி, அந்த எண்களைப் பெட்டியின் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டான். பிறகு குளியலறைக்குப் போய் ஒரு ரிஷ்யூத் தாளைக் கூரையிலிருந்த வாயில் பிடித்துக் கையை எடுத்தான். தாள் அங்கேயே ஒட்டி நின்றது. "அம்மா, நீங்களும் வைச்சுப் பாருங்கோ" என்று இன்னொரு தாளை நீட்டினான். அம்மா கதிரையில் ஏறப் பார்த்தார், நான்தான் பிடித்துத் தடுத்தேன். அவர் தாளைக் கொடுத்து என்னை வைக்கச் சொல்லி, அது நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குளிர்காலத்தில் ஈரப்பதன் மானி 50 இலிருந்து இறங்கி 35 பக்கம் நின்றது. யன்னலடி காய்ந்தது. முதல்நாள் பொரித்த மீனின் மணம் அடுத்த காலையில் இல்லை. கடுங்குளிரில் கருவி இடையிடையே சத்தம் மாற்றும். வெப்பமாற்றியில் பனி உறையாமலிருக்க வெளிவாசலை மூடி வீட்டுக் காற்றையே சுழற்றித் தன்னை உருக்கிக்கொள்கிறது. பழுதென்று நினைத்துப் பலர் நிறுத்துவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

அது கேட்கும் பராமரிப்புக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை வெப்பமாற்றியை அதன் கைநூல் சொல்கிறபடி சுத்தம் செய்ய வேண்டும், வெளிவாசல் வலையில் ஒட்டிய பஞ்சையும் இலையையும் எடுக்க வேண்டும். நிறுத்தி வைக்க வேண்டிய நாட்களும் உண்டு. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியபோது நாங்கள் புதுக்காற்றை நிறுத்தினோம். புகை விலகியதும் மறக்காமல் திரும்பப் போட்டோம்.

யன்னலைத் திறந்தால் போதாதா என்று கேட்பார்கள். வெளியே நல்ல வெப்பமாக இருக்கும் நாளில் போதும், நானும் திறக்கிறேன். சனவரி நள்ளிரவில் யார் திறப்பது? திறப்பதா மூடுவதா என்று தீர்மானிப்பவர் வீட்டில் காசு கட்டுகிறவர். காற்றால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் வேறு ஆட்கள்: தொட்டிலில் கிடக்கும் குழந்தை, இழுப்புக்காரத் தாய், பேஸ்மென்றில் கைப்பிடியளவு யன்னலோடு வாடகைக்கு இருக்கும் மாணவன். நிலத்திலிருந்து வரும் ரேடன் வாயு முதலில் சேர்வது அவன் படுக்கும் இடத்தில்தான். புகைத்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் அது. கனடிய சுகாதாரத் திணைக்களம் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல். எச்ஆர்வி தனியே அதற்கு முழு மருந்தாகாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் மூடிக் கிடக்கும் காற்றில் ரேடன் கூடும், ஓடும் காற்றில் குறையும். ஒருவருடைய கைக்கும் மனதுக்கும் விடாமல், தூங்குகிறவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரே அளவில் நல்ல காற்றைப் பங்கிடுகிறது என்பதற்காகவே நான் இந்தப் பெட்டியை மதிக்கிறேன்.

ஆகவே உங்கள் பேஸ்மென்றில் அந்தப் பெட்டி இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள். வயரைச் செருகுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள், வெளியே போய் இரண்டு வாசல்களும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வருவதும் போவதும் சமனாக அளந்து வைக்கப்பட்டதா என்று தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். கீழே வாடகைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், அங்கேயும் காற்று வாய் இருக்கிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். வாடகை வாங்கும்போது நாம் விற்பதில் காற்றும் சேர்த்தி.