கடையில் தோட்டா கிடைக்காத கைத்துப்பாக்கி

துப்பாக்கி வாங்கப் போன நண்பர் கடைக்காரரிடம் முதலில் கேட்டது ஒரு பேப்பர் கிளிப். கடைக்காரருக்கு ஆச்சரியமே இல்லை. இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேஜைமேல் விரித்த துணியில் துப்பாக்கியை வைத்தார்.

ஐடஹோ மாநிலத்தின் தெற்கே, ஸ்னேக் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது ட்வின் ஃபால்ஸ். மாநிலத் தலைநகர் பாய்சியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வரும் வழியிலேயே நண்பர் எச்சரித்திருந்தார்: "அண்ணே, கடைக்குள்ள போனதும் பர்ஸை மட்டும் வெளியே எடுத்துடாதீங்க. எனக்குக் காசு கொடுத்து உங்களுக்காக வாங்க வைக்கிறீங்கன்னு நினைச்சா விக்கமாட்டாங்க." இன்னொன்றும் சொன்னார்: எதையும் தொடவேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் உண்டு, என்னிடம் எதுவும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

துணிமேல் இருந்தது தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் கன்டெண்டர். பத்து அங்குலக் குழல், மரப்பிடி, இரும்புச் சட்டகத்தின் பக்கவாட்டில் செதுக்கிய பூமா. வாரன் சென்டர் என்பவர் வடிவமைத்து 1967இல் விற்பனைக்கு வந்த துப்பாக்கி இது. மேகசின் கிடையாது, சுழலும் உருளையும் கிடையாது. விசைக்குக் கீழே இருக்கும் காப்பு வளையத்தின் வாலைப் பின்னுக்கு இழுத்தால் குழல் மடங்கித் திறக்கும். ஒரு தோட்டாவைப் போட்டு மூடவேண்டும், சுடவேண்டும், மறுபடி திறக்கவேண்டும். நடுவில் உள்ள ஆணியைத் தட்டி எடுத்தால் குழலையே கழற்றி வேறு அளவுக் குழல் மாட்டலாம். சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி' என்பது வரிசை எண் பொறித்த சட்டகம் மட்டுமே. குழல் வெறும் உதிரி பாகம்.

குழலின்மேல் '30 ஹெரட்' என்று பொறித்திருந்தது. நண்பர் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தது இதற்காகத்தான். ஸ்டீவ் ஹெரட் இதே ட்வின் ஃபால்ஸில் துப்பாக்கிப் பிடிகள் செய்தவர். 1970களின் தொடக்கத்தில் அவரும் பாப் மிலெக் என்ற துப்பாக்கி எழுத்தாளரும் சேர்ந்து இந்தத் தோட்டாவை உருவாக்கினார்கள். காரணம் எளிது. அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் பழைய தோட்டாவான 30-30 வின்செஸ்டர், நீளக் குழல் ரைஃபிளுக்காக 1895இல் வந்தது. அதைப் பத்து அங்குலக் குழலில் சுட்டால், உள்ளே எரிய நேரம் போதாத வெடிமருந்து குழல் வாய்க்கு வெளியே தீப்பிழம்பாகப் போகும். சத்தமும் உதையும்தான் மிச்சம். ஆகவே இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் நீளமுள்ள அந்தப் பித்தளைக் கூட்டை ஏறத்தாழ 1.6 அங்குலமாக வெட்டிக் குறுக்கினார்கள். மருந்து குறைந்தது, வேகம் பெரிதாகக் குறையவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. 30-30 ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால் முன்னால் இருப்பதன் அடியில் உள்ள பிரைமரைக் குத்தி வெடிக்க வைக்கும் என்ற பயத்தில் மொண்ணைக் குண்டுதான் வழக்கம். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு அந்தப் பயமில்லை. காற்றைக் கிழிக்கும் கூர்முனைக் குண்டைத் தாராளமாகப் போடலாம்.

யோசனை நல்லதுதான். ஆனால் பெரிய ஆலைகள் இந்தத் தோட்டாவைத் தயாரித்து அலமாரிக்கு அனுப்பவில்லை. வேண்டுமானால் வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும். 30-30 கூட்டை எண்ணெய் தடவி 'டை' எனப்படும் இரும்பு அச்சுக்குள் அழுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி, பிசிர் நீக்கி, பிறகு அளவு பிடிக்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு கூட்டின் அடியில் '30-30' என்றுதான் எழுதியிருக்கும்.

பேப்பர் கிளிப்புக்கு வருகிறேன். துப்பாக்கியோடு பழைய சொந்தக்காரரின் அட்டைப்பெட்டி ஒன்றும் வந்திருந்தது. அவர் இறந்த பிறகு குடும்பத்தார் கடையில் கொடுத்தார்களாம். அதில் டைகள், சுட்டு முடித்த கூடுகள், ஒரு நோட்டு. நண்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கச் சுவரை மெல்ல வருடினார். உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால், பித்தளை அந்த இடத்தில் இழுபட்டு மெலிந்திருக்கிறது, அடுத்த சூட்டில் இரண்டாக அறுந்துபோகலாம் என்று பொருள். ஹெரட் தோட்டாவில் இந்த ஆபத்து அதிகம். டையைச் சற்று அதிகமாக இறக்கிக் கூட்டின் தோளை, அதாவது உடலிலிருந்து கழுத்துக்குக் குறுகும் சரிவை, பின்னுக்குத் தள்ளிவிட்டால், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் இடைவெளி விழும். ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை நீளும். அதனால் அந்தந்தத் துப்பாக்கியின் அறைக்கு ஏற்ப, மூடும்போது இலேசாக இறுகும்படி தோளை அமைக்கவேண்டும். தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இன்னொரு துப்பாக்கிக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம்.

பெட்டியிலிருந்த கூடுகளில் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. அளவு பிடித்த வெறுங்கூடு ஒன்றை அறையில் போட்டு மூடினார். கடைசி நூலிழையில் ஒரு சின்ன இறுக்கம், பிறகு 'டக்'. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்தார். குழலைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே உள்ள வரிகளைப் பார்த்தார், மூடிய நிலையில் ஆட்டிப் பார்த்தார். இதெல்லாம் எந்தப் பழைய துப்பாக்கிக்கும் செய்வதுதான்.

பேரம் துப்பாக்கியின் மேல் நடக்கவில்லை, பெட்டியின் மேல்தான் நடந்தது. டைகளைத் தனியாக விற்றால் தேடி வாங்க ஆள் உண்டு என்றார் கடைக்காரர். டைகள் போய்விட்டால் இந்தக் குழலை யாரும் வாங்கமாட்டார்கள் என்றார் நண்பர். இரண்டும் உண்மை. என்னைக் கேட்டால், இந்த மாதிரித் துப்பாக்கியை டையும் பித்தளையும் இல்லாமல் வாங்குகிறவர் காகிதம் அழுத்த ஒரு நல்ல கனமான சாமான் வாங்குகிறார். கடைசியில் எல்லாம் சேர்த்து 650 டாலருக்கு முடிந்தது.

சுவரில் தோளில் சாய்க்கும் கட்டை ஒன்று தொங்கியது. கன்டெண்டருக்குப் பொருந்தும். ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோடு அதைப் பூட்டினால் அது 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி குட்டை ரைஃபிள் ஆகிவிடும், பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம் என்று கடைக்காரர் தாமாகவே சொன்னார். இந்தத் துப்பாக்கியின் கட்டையும் குழல்களும் ஒரே பெட்டியில் இருந்தாலே அது குட்டை ரைஃபிள் ஆகுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1992இல் கம்பெனி ஜெயித்தது. பெட்டியில் இருக்கலாம், குட்டைக் குழலோடு பூட்டக்கூடாது.

பிறகு 4473 என்ற படிவம். பெயர், முகவரி, பிறந்த இடம், உயரம், எடை, குற்றப் பின்னணி பற்றிய கேள்விகள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்விக்கு நண்பர் 'ஆம்' போட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கிற விஷயமில்லை. மாமாவின் பணத்தில் மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தவர்மீதான வழக்கில், மாமா வாங்கத் தகுதியானவராக இருந்தும் அது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் விவரங்களை எஃப்.பி.ஐ.யின் சோதனைக்கு அனுப்பினார். ஒரு காபி குடிப்பதற்குள் 'தொடரலாம்' என்று பதில் வந்தது.

நோட்டை அப்போதுதான் பிரித்துப் பார்த்தோம். பென்சிலில் மருந்து அளவுகள், தேதிகள், எந்தக் கூட்டுக் கட்டு எத்தனை முறை சுடப்பட்டது என்ற கணக்கு. மருந்து அளவை அப்படியே நம்பமாட்டேன், அச்சான பழைய கையேடுகளோடு ஒப்பிட்டுக் கீழிருந்துதான் தொடங்குவேன் என்றார் நண்பர். சுட்ட கணக்குதான் அவருக்குத் தேவை.

பெட்டியின் அடியில், இறந்தவர் நிரப்பி வைத்த தோட்டாக்கள் கொஞ்சம் இருந்தன. இவற்றைச் சுடப்போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, குண்டைப் பிடுங்கி மருந்தைக் கழித்துவிட்டுப் பித்தளையை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றார் நண்பர். அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை விற்கும் வழக்கம் தமக்கில்லை என்று சொல்லி, அவற்றுக்கு ரசீதில் விலை போடாமல் பெட்டியை நகர்த்தி வைத்தார் கடைக்காரர்.