சம்மட்டிக்கு வைத்த கை

பட்டறையில் என் கையில் முதலில் கொடுத்தது சம்மட்டி. ஸ்பேனர் இல்லை. திருவந்திபுரம் ரோட்டில் இருந்த லாரிப் பட்டறை. 1987. எனக்குப் பதினேழு வயசு. கரும்பு வெட்டப் போகிற எங்கப்பா, பயலாவது இரும்பைப் பிடிக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டார். நாலு பையன்களில் சேரியிலிருந்து போனவன் நான் ஒருத்தன்தான். வண்டிக்கு அடியில் படுக்கணும், கருப்பு ஆயில் பிடிக்கணும், டீசலில் சாமான் கழுவணும், அடிக்கச் சொன்னால் அடிக்கணும். எனக்கென்று ஒரு டம்ளர் கூரைத் தகரத்தில் செருகி இருக்கும்.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற பழைய ஆறு சிலிண்டர் லாரி ஒன்று வந்தது. முன்பக்கம் ஆயில் ஒழுகிச்சி. கிராங்க் முனையில் இருக்கிற டாம்பரைக் கழற்றி ஆயில் சீல் மாற்றினார்கள். திரும்ப ஏற்றும்போது இறுக்கமாக நின்றுவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டேய், ஒங்க ஆளுவளுக்குத்தான் கைப்பலம். போடுறா." போட்டேன். நாலு அடி, அஞ்சு அடி. போய் உட்கார்ந்துச்சி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்துச்சி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூணு வாரம் கழித்துப் பண்ருட்டி ரோட்டில் லோடோடு நின்றுபோனது வண்டி. கிராங்க் ஷாஃப்ட் உடைந்திருந்தது. டாம்பரின் வெளி வளையம் ரப்பரை விட்டுக் கழன்று தனியாகச் சுற்றியிருக்கிறது. "சேரிப் பயல உள்ள வுட்டா இப்பிடித்தான்" என்றது அதே வாய். அடிக்கச் சொன்ன வாய். ரெண்டு மாசக் கூலி போச்சி. எங்கப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம் கடலூரில் ஒரு பாய் பட்டறை. அவர் குடித்த கிளாசைக் கழுவி அதிலேயே எனக்கும் டீ ஊற்றியவர். "தம்பி, இத வெறும் புல்லின்னு நெனைச்சிட்டாங்க" என்றார். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் கிராங்க் நீளம். 1-5-3-6-2-4 என்று வெடிக்கும்போது ஒவ்வொரு வெடியும் அதைத் துளி முறுக்குகிறது, அது திரும்புகிறது. சில வேகங்களில் இந்த முறுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரும்பு களைத்துவிடும். டாம்பரில் நடுவே குடம், வெளியே கனத்த வளையம், இடையில் ரப்பர். அந்த ரப்பர்தான் அதிர்வை வாங்கிச் சூடாக்கிக் கழிக்கிறது. வளையத்தில் அடித்தால் ரப்பர் பிய்யும். அடி கிராங்கின் வழியாக உள்ளே போய் த்ரஸ்ட் வாஷரையும் கெடுக்கும். ஆறு சிலிண்டர் கார் புதுசாக வந்தபோது சீமையிலேயே கிராங்க் உடைந்ததாம். லாஞ்செஸ்டர் என்ற இங்கிலீஷ்காரர் அதற்கு ஒரு டாம்பர் செய்தார் என்று பின்னால் படித்தேன். அங்கே உடைந்தபோது யார் சாதியைச் சொன்னார்கள்?

ஏற்றுகிற முறையைப் பாய் என் கையால் செய்யவைத்தார். முனையைத் துடைத்து, பிசிர் தேய்த்து, கீயைச் சரியாக உட்காரவைத்து, சீல் உதட்டில் ஆயில் தடவணும். குடத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் விரியும். நெருப்பு காட்டக் கூடாது, ரப்பர் கருகிடும். அப்புறம் நீளமான போல்ட், அதில் நட்டு, கனத்த வாஷர். போல்ட் கிராங்குக்குள் ஆழமாக ஏறியிருக்கணும். வண்டியின் சொந்தக் குட்டை போல்ட்டை வைத்தே இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துபோகும். நட்டை மெல்லத் திருகினால் டாம்பர் தானாக உள்ளே போகிறது. சத்தமே இல்லை. முதல் தடவை அது உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பாய் பார்க்காத மாதிரி பீடி பற்றவைத்தார்.

அந்த போல்ட்டை லேத்தில் கொடுத்து எனக்கென்று ஒன்று செய்துகொண்டேன். இன்னும் இருக்கிறது. போன மாசம் பழைய முதலாளியின் மகன் இரவல் கேட்டு வந்தார். பழைய தண்ணி லாரியாம். "போல்ட்டு தனியா வராது, நானும் வருவேன்" என்று கூலியைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். முகூர்த்த நாள், கோயில் பக்கம் ஒரே கல்யாண வண்டி நெரிசல், ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். முக்கால் மணியில் ஏற்றிக் கொடுத்தேன். "டீ சாப்பிடுங்கண்ணே" என்றார். அண்ணே! நிமிர்ந்து கூரைத் தகரத்தைப் பார்த்தேன், எதுவும் செருகியிருக்கவில்லை. எல்லாருக்கும் காகிதக் கப்பில்தான் வந்தது. குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டோம்.