வட்டும் கண்ணாடியும்
(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி ஒருத்தி)



மலர்க் குழுவினர் வந்து "ஏதாவது எழுதிக் கொடு" என்றபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "கவிதை ஏற்கெனவே கட்டுக் கட்டா வந்து கிடக்கு, நீ கட்டுரை கொடு தாயே" என்று கும்பிட்டார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது வட்டு எறிதல் ஒன்றுதான். அதைப் பற்றியும், அலெக்ஸ் ரோஸ் என்ற மனிதரைப் பற்றியும் எழுதுகிறேன்.

ரோஸ் சமோவா நாட்டுக்காக வட்டு எறிகிறவர். சமோவா எங்கே இருக்கிறது என்று நம் ஹாஸ்டலில் கேட்டால் பாதிப் பேர் ஆப்பிரிக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்! அது பசிபிக் கடலின் நடுவே உள்ள தீவு நாடு. உபோலு, சவாய் என்று இரண்டு பெரிய தீவுகள், தலைநகர் அபியா. மொத்த ஜனத்தொகையே சுமார் 2 லட்சம்தான். பக்கத்திலேயே அமெரிக்கன் சமோவா என்று வேறொன்று இருக்கிறது. அந்த ஊர் லிசா மிசிபேகா 1999-இல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் சங்கிலிக் குண்டு எறிந்து வெண்கலம் வாங்கினார். ஆனால் சமோவா என்ற தனி நாட்டுக்கு உலகத் தடகளப் போட்டியில் 2025 வரை ஒரு பதக்கம்கூட இல்லை. ஒலிம்பிக்கிலும் பளு தூக்கும் எலே ஒபெலோகே 2008-இல் நான்காவதாக வந்து, முன்னால் இருந்தவர்கள் ஊக்கமருந்தில் மாட்டியதால், எட்டு வருஷம் கழித்து 2016-இல் கைக்கு வந்த வெள்ளி ஒன்றுதான்.

ரோஸ் பிறந்தது 1991-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். படித்தது சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். குடும்ப வேர் சமோவாவில் இருப்பதால் அந்த நாட்டுக்காக ஆடுகிறார். 2016 ரியோ, 2021-இல் நடந்த டோக்கியோ, 2024 பாரிஸ் என மூன்று ஒலிம்பிக்குக்குப் போனார். மூன்றிலும் வெறும் கையோடு திரும்பினார்.

அவருக்குக் கண்ணில் கோளாறு. விழித்திரையின் நடுவில் மேக்குலா என்று ஓர் இடம் உண்டு. நாம் எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்ன இடத்தால்தான். அவருக்கு அது சிதைந்துவிட்டது. நேராகப் பார்ப்பது மங்கல், ஓரத்தில் இருப்பது தெரியும். சட்டக் கணக்குப்படி அவர் பார்வையற்றவர். கண்ணாடி போட்டாலும் இது சரியாகாது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா கூலி வேலை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான்தான். முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் சார் போர்டில் போடும் கோடு எனக்குத் தெரியவே தெரியாது. மெல்லிய கோடு, தடித்த கோடு, விட்டு விட்டுப் போகும் கோடு எல்லாம் எனக்கு ஒரே வெள்ளைப் புகைதான். பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து வரைந்தேன். வெர்னியர் அளவை அவள் சொல்ல, நான் எழுதினேன். அரியர் விழுந்தது. நமக்குப் படிப்பு ஏறாது, நம்ம வம்சத்துக்கே ஏறாது என்றுதான் நினைத்துக்கொண்டேன். கண்தான் காரணம் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

கண்டுபிடித்தவர் பி.டி. மேடம். வட்டு எறிந்ததும் நான் தோழியிடம், "எங்கடி விழுந்துச்சு?" என்று கேட்பதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, உனக்கே தெரியலையா?" என்றார். இலவசக் கண் முகாமுக்கு அனுப்பினார். மைனஸ் ஐந்து!

கண்ணாடி வந்தது. ஆனால் பெட்டியிலேயே கிடந்தது. "கண்ணாடி போட்ட பொண்ணுன்னா நாளைக்கு யாருடி கேட்டு வருவாங்க?" என்றாள் அம்மா. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவள் பயம் அவளுக்கு. எனக்கும் வெட்கம்தான். மைதானத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

2025 செப்டம்பரில் ஒருநாள் மேடம் கூப்பிட்டுத் தன் போனைக் கொடுத்தார். டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் கடைசி நாள், ஆண்கள் வட்டு எறிதல். அப்படி ஒரு மழை! போட்டியை நிறுத்தி நிறுத்தி நடத்தினார்கள். வட்டு எறிகிறவர்களுக்குத்தான் தெரியும், ஈர வளையம் என்றால் என்னவென்று. இரண்டரை மீட்டர் சிமெண்ட் வளையம், அதற்குள் ஒன்றரைச் சுற்று, கையில் இரண்டு கிலோ வட்டு. கால் கொஞ்சம் வழுக்கினால் ஃபவுல், விரல் வழுக்கினால் வட்டு வலையில். ஸ்வீடன் நாட்டு டேனியல் ஸ்டால் கடைசிச் சுற்றில் 70.47 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். உலக சாதனைக்காரரான லிதுவேனியாவின் மிகோலஸ் அலெக்னாவுக்கு 67.84, வெள்ளி. மூன்றாவது 66.96. அது அலெக்ஸ் ரோஸ்! வயது 33. சமோவாவின் முதல் பதக்கம்.

நான் போனை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் அப்போதுதான் அவர் கண்ணைப் பற்றிச் சொன்னார். நான் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

யோசித்தால், சுற்றும்போது யாரும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. உலகமே கலங்கித்தான் ஓடுகிறது. பாதத்துக்குத் தெரிய வேண்டும், இடுப்புக்குத் தெரிய வேண்டும், வட்டு எப்போது ஆள்காட்டி விரலை விட்டுப் போகிறது என்று தெரிய வேண்டும். அந்த விஷயத்தில் நானும் அவரும் மற்ற எல்லோரும் ஒன்றுதான். ஆனால் வட்டு விழுந்த இடத்தைப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு கண்ணாடி போதும். அவருக்கு அந்த வழி கிடையாது. இது எனக்கு உறைத்தபோது, கோபம் வந்ததா வெட்கம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

முதல் நாள் வகுப்பில் "சோடாபுட்டி" என்றார்கள். யார் யார் என்று இந்த மலரைப் படிக்கும் அவர்களுக்கே தெரியும். மன்னித்துவிட்டேன். ஏனென்றால் அன்றுதான் போர்டில் சென்டர் லைன் என்பது கோடும் புள்ளியுமாக இருக்கும் என்று பார்த்தேன். ஒரு வருஷம் அதை முழுக்கோடாகவே வரைந்திருக்கிறேன்!

மண்டலப் போட்டியில் ஐந்தாவதாக வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு எறிவேன். வளையத்தின் பின்பக்கமாக வெளியே வந்ததும் வாங்கி மாட்டிக்கொண்டு, கொடி எங்கே குத்துகிறார்கள் என்று நானே பார்ப்பேன். டிராயிங் அரியர் எழுதியாகிவிட்டது. ரிசல்ட் வரவில்லை.

போன வாரம் அப்பாவிடம் போனில் பேசினேன். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை, போட்டி எப்படி என்றும் கேட்கவில்லை. "பாப்பா, அந்தக் கண்ணாடிய ஒடைக்காம வெச்சிருக்கியா?" என்றார். "போட்டுட்டுதான்பா பேசுறேன்" என்றேன்.