வளர்த்த பிள்ளையின் விலை

இஷாத் தொழுகை முடிந்து அமர்ந்தால், செல்சி ரசிகர்களாகிய நாங்கள் ஆட்டத்தைவிட அணியின் கணக்கேட்டைப் பற்றியே அதிகம் வாதிடுகிறோம். 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸை ஏறத்தாழ 10.7 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2031 வரை ஒப்பந்தம் செய்தார்கள். ஒப்பந்தம் நீண்டதால் அத்தொகை பல ஆண்டுகளின் செலவாகப் பிரிந்தது. அந்தப் பருவத்தில் அணி பிடித்தது 12ஆம் இடம்! இளைஞர்கள் தேறுவார்கள் என்று பொறுத்திருந்தவர்களுக்கு 2025இல் கிளப் உலகக் கோப்பை கிடைத்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

எங்களை உறுத்துவது விற்பனைக் கணக்கே. கழகத்திலேயே வளர்ந்தவரை விற்றால், வாங்கிய விலை என்று கழிக்க ஏதுமில்லை. வந்த தொகை முழுவதும் அவ்வாண்டின் இலாபம். ஆறு வயதில் வந்துசேர்ந்த மேசன் மவுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். மறு ஆண்டு கானர் காலகர் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போனார். எங்கள் பிள்ளைகளின் பழைய சட்டைகளில் அவ்விருவர் பெயர்களும் இன்னும் அழியவில்லை.