நகைக்கடன் வரிசை

இந்திய நுகர்வோர் சட்டத்தில் ‘சேவைக் குறைபாடு’ என்றொரு சொல் உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் இடத்தில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும், ஒரு சேவையின் தரத்திலோ தன்மையிலோ அது செய்யப்படும் முறையிலோ காணப்படும் பிழை, நிறைவின்மை, போதாமை ஆகியவற்றை அச்சொல் குறிக்கிறது. இவ்வரையறை குறையை நுணுக்கமாக அளக்கிறதேயன்றி, அது எவர் கையால் விளைந்தது என்று கேட்பதில்லை. வழக்கு பெரும்பாலும் நிறுவனத்தின் மீதே தொடுக்கப்படுகிறது, இழப்பீடும் நிறுவனத்தின் பணத்திலிருந்தே செல்கிறது. ஊர்ப் பேச்சு இதற்கு நேர்மாறானது. அங்கே நிறுவனம் என்று ஒன்று இல்லை. ‘அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கிற ஆளு சரியில்ல’ என்ற ஒரே வரியில் விசாரணையும் முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டை, சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவர் குடும்பங்கள் வந்துபோகும் பேரூராட்சி. இத்தகைய ஊரின் கடைத்தெருவில் முதலாளி கல்லாவிலேயே அமர்ந்திருப்பார். தோசை காய்ந்துபோயிருந்தாலும், தைத்த சட்டையின் கை இறுக்கமாக இருந்தாலும், நான்கு எட்டு நடந்தால் முறையீடு முடிவெடுப்பவரின் காதுக்கு எட்டிவிடும். அவர் சரிசெய்து தரலாம், மழுப்பலாம், ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பியும் வைக்கலாம். ‘அது எனக்குத் தெரியாது, மேலே கேளுங்கள்’ என்று மட்டும் அவரால் சொல்ல முடியாது, ஏனெனில் அவருக்கு மேலே கூரைதான் இருக்கிறது. அதே தெருவில் ஒரு வங்கிக் கிளைக்குள் நுழைந்ததும் இந்த ஏற்பாடு மாறிவிடுகிறது. குறை தெரியும் இடமும் குறை பிறக்கும் இடமும் அங்கே பிரிந்துவிடுகின்றன.

சாகுபடிச் செலவுக்காக நகையை அடகு வைக்க வரும் ஒரு பெண், காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு பகல் முழுவதும் நிற்க நேர்வது அரிதன்று. அவர் நிற்கும் வரிசை ஒரு வரிசையாகத் தோன்றினாலும், உள்ளே பல கைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. முதலில் ‘அப்ரைசர்’ எனப்படும் நகை மதிப்பீட்டாளர் வர வேண்டும். உரைகல்லில் உரைத்து, கல்லுக்கும் அழுக்குக்கும் எடை கழித்துச் சொல்லும் அவர் பெரும்பாலும் வங்கியின் நிரந்தர ஊழியர் அல்லர், கடன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுபவர். பிறகு ஒருவர் கணினியில் பதிய, மற்றொருவர் அதைச் சரிபார்த்து ஒப்ப வேண்டும். நகை உள்ளே போகும் பெட்டகம் இருவரிடம் உள்ள இரு சாவிகளால் மட்டுமே திறக்கும். அவ்விருவருள் ஒருவர் சாப்பிடப் போயிருந்தால் பெட்டகமும் சாப்பிடப் போனதாகவே பொருள். இவற்றுக்கு நடுவில் ‘சர்வர் இல்லை’ என்ற அறிவிப்பு வந்தால், கிளையில் உள்ள எவராலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வரிசையில் நிற்பவர் கண்ணுக்கோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உள்ள ஒரு முகம் மட்டுமே தெரிகிறது. அந்த முகத்தின் மீதுதான் பகல் முழுவதற்குமான கோபம் இறங்குகிறது.

அந்த முகத்துக்குரியவர் இன்னும் விரைந்து வேலை செய்திருந்தால் வரிசை கரைந்திருக்குமா என்பது கணக்கால் ஆராயத்தக்க கேள்வி. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர், இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளை முன்வைத்து 1909இல் தொடங்கிய ஆய்விலிருந்து ‘வரிசைக் கோட்பாடு’ வளர்ந்தது. ஆட்கள் ஒழுங்கின்றி வந்து சேரும் ஒற்றைக் கவுண்டர் ஒன்றில், ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். ஊழியர் தம் நேரத்தில் 80 விழுக்காடு வேலையாக இருக்குமளவு கூட்டம் வந்தால், இக்கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 விழுக்காடானால் 45 நிமிடம். 95 விழுக்காடானால் 95 நிமிடம். கூட்டம் ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, காத்திருப்போ ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டது. ஓய்வு பெற்ற எழுத்தரின் இடத்தை நிரப்ப வேண்டாம் என்று தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தில் எவரோ குறிப்பெழுதும்போது, இந்த 95 நிமிடம் அக்குறிப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியவர் அந்த வரிசையை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங், 1986இல் வெளிவந்த தம் நூலில், குறைகளில் 94 விழுக்காடு அமைப்புக்குரியவை, அவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு என்று மதிப்பிட்டார். அது அனுபவத்தில் சொன்ன மதிப்பீடேயன்றி அளந்து கண்ட எண்ணன்று. எனினும் அது சுட்டும் திசை சரியானதே. தமிழ் அறியாத இளம் அதிகாரி ஒருவர், தமிழைத் தவிர வேறொன்றும் அறியாத மூதாட்டியின் முன் விழித்துக்கொண்டிருக்கும் காட்சியில், குற்றம் அவ்விருவரில் எவரிடமும் இல்லை, அந்த அதிகாரியை அங்கே அமர்த்திய பணியமர்த்தல் முறையில்தான் உள்ளது. ஆனால் இவ்வாதத்தை இழுத்துக்கொண்டே போனால் கவுண்டரில் இருப்பவர் மனிதராகவே இல்லாமல் போய்விடுவார். தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்கும், ‘இன்னிக்கு முடியாதும்மா, நாளைக்கு அப்ரைசர் பத்து மணிக்கு வருவார்’ என்று காலையிலேயே சொல்லிவிடுவதற்கும் மேலிடத்து அனுமதி எதுவும் தேவையில்லை. டெமிங் விட்டுவைத்த ஆறு விழுக்காட்டில் இவை அடங்கும். வீடு திரும்பியபின் மக்கள் மறக்காமல் சொல்லிக்காட்டுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

மேலிடங்கள் இதை அறியாதவை அல்ல. வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய 1975இல் தல்வார் தலைமையிலும், 1990இல் கோய்போரியா தலைமையிலும், 2010இல் தாமோதரன் தலைமையிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒரே நோய்க்கு மூன்று முறை மருத்துவரை அழைத்த வீட்டில், மருந்தை உட்கொள்ள வேண்டியவர் யார் என்பது முடிவாகவில்லை என்றே கொள்ள வேண்டும். பொறுப்பை ஓர் ஆளின் மீது நிறுத்த உச்ச நீதிமன்றம் ஒருமுறை முயன்றது. 1993 நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், வீட்டு ஒதுக்கீட்டுதாரரை அலைக்கழித்ததற்கான இழப்பீடு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து போவது முறையன்று என்று கூறி, 10,000 ரூபாயை ஆணையம் செலுத்திவிட்டு, பொறுப்பான அலுவலர்களைக் கண்டறிந்து அவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. துணிவான தீர்ப்புதான். ஆனால் பொறுப்பானவரைக் கண்டறியும் வேலை அதே நிறுவனத்திடமே விடப்படும்போது, விரல் கீழ்நோக்கி நீள்வதே எளிது. ஆள் குறைப்புக் குறிப்பை எழுதியவரின் கையொப்பம் எந்தத் தனிப்புகாரின் கோப்பிலும் இருப்பதில்லை.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலுக்கு வித்திட்டது நைஜீரிய ரயில்வே. விருத்தாசலத்துப் பக்கம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையை, நைஜீரியாவின் வடபகுதியிலிருந்து துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்வதில் அந்த ரயில்வே மோசமாகவே செயல்பட்டது. லாரிகள் போட்டிக்கு வந்தும் அது திருந்தவில்லை. உரக்கக் கேட்கக்கூடிய வணிகர்கள் முதல் ஆளாக லாரிக்கு மாறிவிட, கேட்கத் தெரியாதவர்களே ரயிலுக்கு எஞ்சினர் என்பது அவர் கண்ட விளக்கம். சிற்றூரில் லாரியின் இடத்தைப் பிடித்திருப்பது ‘தெரிஞ்சவங்க’. ஊரில் செல்வாக்குள்ளவர் மேலாளரின் அறைக்குள் நுழைந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவர் வேலை முடிந்துவிடுகிறது. படித்த இளைஞர் கைப்பேசியில் முடித்துக்கொள்கிறார். வசதியுள்ளவர் விருத்தாசலத்துத் தனியார் கிளைக்குப் போய்விடுகிறார். இவர்கள் வரிசையில் நின்றிருந்தால் அந்த வரிசை இவ்வளவு நீளமாக இருந்திருக்காது என்பதன்று, இவ்வளவு அமைதியாக இருந்திருக்காது. எஞ்சுவோர் முதியோர் ஓய்வூதியம் பெற வந்தவர்களும் நகையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர்களுமே. இவர்களைக் காக்க வைப்பதற்கு நிறுவனம் எந்த விலையும் கொடுப்பதில்லை.

இவர்களுக்கென்று ஒரு வழி விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு கிளையிலும் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும். அதில் எழுதுவதன் ஒரு படி ஒப்புகையோடு எழுதியவருக்கும், மற்றொரு படி மேலாளரின் குறிப்போடு மேலலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். முடிவெடுப்பவரின் மேசைக்கு வரிசையை எடுத்துச் செல்லக்கூடிய தாள் அது. அப்புத்தகத்தைக் கேட்டு வாங்குவதற்கும் அதே கவுண்டரில் போய் நிற்க வேண்டும்.